ஊசி போட்ட பிறகு கேட்ட கேள்வி

மூன்றாம் நாள் காலை. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரை வாயில் வாங்கி, கொப்பளிக்காமல், தலையை ஒருச்சாய்த்து அப்படியே வழியவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வழியவிட்டுக்கொண்டிருந்தபோது நாக்கில் ஏதோ நெருடியது. விரல் நுனியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ரவையில் ஒரு மணி போல வெள்ளையாக, ஓரம் மட்டும் கூராக இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னட்டி அது?" "எலும்பும்மா." "ஒன் எலும்பா?" "இல்ல, வச்ச எலும்பு." அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "யாரு எலும்பு?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் அதற்கு அம்மா திருப்பிக் கேட்டதையும் ஒன்றரை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் தூள் மாதிரி, நாக்கு தன்னாலேயே அங்கேதான் போகிறது. பல் போன மேல்தாடையில் எலும்பு வைத்து நிரப்புகிற அதே சிகிச்சை இன்னொரு பக்கத்துக்கும் வேண்டும் என்று டாக்டர் போன மாதம் சொன்ன பிறகு, இனியும் எழுதாமல் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

உள் பல்தானே

2009இல் வலது மேல்வரிசைக் கடைவாய்ப்பல் போனது. அப்போது எனக்கு 39 வயது. கூட்டுறவுத் தணிக்கையில் வேலை. மார்ச் முடிந்துவிட்டால் சங்கம் சங்கமாகப் போய் உட்கார வேண்டும். ரூட் கெனாலுக்கு நாலு தடவை வரச் சொல்லியிருந்தார் அப்போது பார்த்த டாக்டர். இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவைக்குள் ஒரு சங்கத்து நகைக்கடன் பதிவேட்டில் மாட்டிக்கொண்டேன். நாலு மாதம் கழித்துத்தான் தலை நிமிர்ந்தது. அதற்குள் பல் பாதியாகப் பிளந்துவிட்டது. பிடுங்கிவிட்டார். "உள் பல்தானே மேடம், சிரிச்சாக்கூடத் தெரியாது" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இடது பக்கம் மென்றுகொண்டேன். பக்கத்துப் பல் 2014இல் போனபோது அதையும் கணக்கில் எழுதவில்லை. அப்புறம் இத்தனை வருஷம் ஒரே பக்கம் மென்றதில் இடது பக்கமும் ஆட்டம் கண்டது.

பல் போனால் பல் மட்டும் போகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எலும்பும் கூடவே போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாடை எலும்புக்குப் பல்லைத் தாங்குவதுதான் வேலை. வேலை இல்லையென்றால் உடம்பு அதற்குச் சம்பளம் கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. கீழ்த்தாடையில் இது ஒரு பக்கத் தேய்மானம். மேல்தாடைக் கடைவாயிலோ இரண்டு பக்கத்திலிருந்தும் நடக்கிறது. மேல்தாடை எலும்புக்குள்ளே, கடைவாய்ப் பல் வேர்களுக்கு நேர் மேலே, காற்று மட்டும் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 15 மில்லி பிடிக்கும், மூன்று டீஸ்பூன். வேர்கள் இருக்கிறவரை அந்த அறையின் தரை இருந்த இடத்தில் இருக்கும். வேர் போனதும் அது மெல்லக் கீழே இறங்குகிறது. கீழேயிருந்து ஈறு மேட்டின் உயரம் குறைந்துகொண்டே போகிறது. நடுவில் எலும்பு, வெயிலில் வைத்த சோப்பு மாதிரி.

2023இல் இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் வைக்கிற பல், வைத்துக்கொள்ளலாம் என்று போனபோது சிபிசிடி என்கிற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தார்கள். முகத்தைச் சுற்றி மெஷினின் கை வட்டமடிக்கும். இருபது நொடி கண்ணை மூடி நின்றால் போதும். டாக்டர் திரையில் இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தார். 3.1 என்று வந்தது. மிச்சமிருந்த எலும்பு மூன்று மில்லிமீட்டர் சொச்சம். ஏடிஎம் அட்டை நாலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் கனம். அதில் பத்து மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியம் திருகை எப்படி இறக்குவது? "இறக்கினா நேரா சைனஸுக்குள்ள போய் விழும் மேடம். மொதல்ல சைனஸ் லிஃப்ட் பண்ணணும்."

சைனஸ் என்றால் நம் ஊரில் அது ஒரு நோய். "எனக்கு சைனஸ் இருக்கு" என்று சொல்லாத ஆள் எங்கள் அலுவலகத்தில் இல்லை. அந்தக் காற்றறைக்குப் பெயர்தான் சைனஸ், அது இல்லாதவர் யாருமே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. லிஃப்ட் என்றதும் மார்கழி மாதத் தலைபாரமும் இதோடு போய்விடும் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

டாக்டர் இளைஞர். பொறுமையாகச் சொன்னார். அந்தக் காற்றறையின் உள்சுவரில் ஒரு சவ்வு ஒட்டியிருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பக்கவாட்டு எலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, சவ்வைக் கிழிக்காமல் எலும்பிலிருந்து மெதுவாகப் பிரித்து மேலே தூக்கி, அடியில் கிடைக்கிற இடத்தில் எலும்புத் துகளைப் போட்டு நிரப்ப வேண்டும். எட்டு மாதத்தில் அது கெட்டிப்படும். பிறகுதான் இம்ப்ளாண்ட். சவ்வு கிழிவதுதான் இதில் அடிக்கடி வருகிற சிக்கல். "முட்டை ஓட்டை மட்டும் ஒடைச்சுட்டு, உள்ள இருக்கிற தோலு கிழியாம எடுக்கணும்னா எப்படி? அப்படித்தான். நாங்க படிக்கும்போது நெசமாவே பச்சை முட்டையிலதான் பழகினோம். நீங்க முட்டை உரிச்சிருப்பீங்கள்ல?" நான் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுல முட்டை கிடையாது டாக்டர், சைவம்" என்றேன். அவரும் சிரித்தார். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதை நான் சொல்லியிருந்தேன். அவர் காதிலும் விழுந்தது. இருவருக்குமே அது முட்டையைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது.

இறகு விட்டுப் பார்த்த பெண்

சிகிச்சைக்கு முன்னால் இருந்த இரண்டு வாரத்தில் கண்டதையும் படித்தேன். இந்தக் காற்றறைக்கு ரொம்ப நாள் ஒரு ஆங்கிலேயரின் பெயர் இருந்தது: ஹைமோர் குழி. நதானியேல் ஹைமோர் டார்செட் பக்கம் ஷெர்போர்ன் என்ற ஊரில் வைத்தியம் பார்த்தவர். 1651இல் அவர் வெளியிட்ட உடற்கூற்று நூலில் இதை விவரித்திருக்கிறார். அதற்கு 160 வருஷம் முன்னாலேயே லியனார்டோ டாவின்சி ஒரு மண்டையோட்டைப் பாதியாக அறுத்து, இந்த அறையைத் துல்லியமாக வரைந்து வைத்துவிட்டார். ஆனால் படங்கள் வெளியே வரவில்லை. பெயர் ஹைமோருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹைமோர் தம் நூலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். மேல்வரிசைக் கோரைப்பல்லைப் பிடுங்கிய இடத்தில் அவளுக்குச் சீழ் நிற்காமல் வடிந்துகொண்டேயிருந்திருக்கிறது. ஓட்டை எவ்வளவு ஆழம் என்று தானே பார்த்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறாள். முதலில் ஒரு வெள்ளி ஊசியை விட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு பறவையின் இறகை எடுத்து, மயிரையெல்லாம் உருவிவிட்டு, தண்டை உள்ளே செலுத்தியிருக்கிறாள். அது போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மூளைக்கே போய்விட்டது என்று அலறியடித்துக்கொண்டு அவள் வைத்தியரிடம் வர, அது மூளையில்லை, கன்னத்துக்குள்ளே இயற்கையாகவே இருக்கிற வெற்றிடம், இறகு அதற்குள் சுருண்டிருக்கிறது என்று அவர் படம் காட்டி விளக்கியிருக்கிறார். பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. எனக்கென்னவோ ஹைமோரைவிட அவளைத்தான் பிடித்திருக்கிறது. கைக்குக் கிடைத்ததை வைத்துத் தன் வாயைத் தானே தணிக்கை செய்தவள்.

சவ்வுக்கும் ஒருவர் பெயர்தான். கான்ராட் விக்டர் ஷ்னைடர், ஜெர்மனியில் விட்டன்பர்க் பேராசிரியர். சளி மூளையிலிருந்துதான் வடிகிறது என்று அதுவரை ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்தது. மூளைக்கும் மூக்குக்கும் நடுவே அப்படி வழியே இல்லை, சளியைச் சுரப்பது இந்தச் சவ்வுதான் என்று 1660களில் ஐந்தாறு புத்தகம் எழுதி நிரூபித்தார். ஜலதோஷத்தைப் பற்றி ஒரு மனிதர் இவ்வளவு எழுதியிருக்கிறார் என்பதே தனி சந்தோஷம்.

அந்த அறைக்குள் எலும்பு வைத்து நிரப்பலாம் என்ற எண்ணம் வந்ததென்னவோ நேற்றுதான். 1970களின் நடுவில் அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த ஹில்ட் டேட்டம் என்ற பல் மருத்துவர் செய்யத் தொடங்கினார். 1980இல் பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் முதல் கட்டுரையை வெளியிட்டார்கள். அவர்கள் வைத்தது நோயாளியின் சொந்த எலும்பை. இடுப்பிலிருந்து எடுத்த எலும்பு. இடுப்பு எலும்பு என்று படித்தபோது, பல்லுக்காக இடுப்பை வெட்டுவார்களா என்று பயந்து, "எனக்கும் இடுப்புல எடுப்பாங்களா?" என்று கிளினிக்குக்குப் போன் போட்டேன். "இல்ல மேடம், இப்ப எல்லாம் ரெடிமேடா பாட்டில்ல வருது" என்றது வரவேற்பிலிருந்த பெண். அப்பாடா என்று போனை வைத்துவிட்டேன். பாட்டிலுக்குள் எங்கிருந்து வருகிறது என்ற அடுத்த கேள்வி ஏன் வாயில் வரவில்லை? 27 வருஷமாக, "ரொக்கம் வந்தது சரி, எங்கேருந்து வந்தது? ரசீது எங்கே?" என்று கேட்டே சோறு தின்றவள் நான்.

நாற்காலியில்

சிகிச்சை நாளன்று காலை பதினோரு மணிக்கு நாலு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து. ஏழு இடம். ஒரு சங்கச் செயலாளர் இப்படிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு பத்தி ஆட்சேபக் குறிப்பு எழுதியிருப்பேன். நான் போட்டேன். வரவேற்புப் பெண் காத்துக்கொண்டு நின்றாள், பின்னால் இன்னொருவர் குழந்தையோடு நின்றார். அவ்வளவுதான் காரணம்.

முதலில் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு சின்ன மெஷினில் போட்டுச் சுழற்றினார்கள். வெளியே எடுத்தபோது குழாயின் அடியில் சிவப்பு, மேலே மஞ்சளாக ஒரு கொழகொழப்பு, இளநீர் வழுக்கை மாதிரி. பி.ஆர்.எஃப். என்று பெயர். காயம் ஆற உதவுகிற சங்கதிகள் அதில் நிறைய; பிரான்சில் 2001வாக்கில் வந்த முறை. அதை எலும்புத் துகளோடு கலப்பார்களாம். என் ரத்தம்தானே, அதைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை.

ஊசி. உதடு, கன்னம், மூக்கின் ஓரம் எல்லாம் யாருடையதோ ஆகிவிட்டன. ஈற்றைக் கீறி மடக்கினார்கள். எலும்பை வெட்டும் கருவி பல் மெஷின் மாதிரிக் கிரீச்சிடவில்லை. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஒரு ரீங்காரம், மண்டைக்குள் வண்டு புகுந்தாற்போல. பிறகு சத்தம் நின்றது. இருபது நிமிஷம் எதுவுமே கேட்கவில்லை. அவர் சவ்வைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று அந்த அமைதியில் தெரிந்தது. அவர் மூச்சுகூட மெதுவாகியிருந்தது. நடுவில், "மேடம், மூக்கால மூச்சை இழுத்து விடுங்க" என்றார். இழுத்து விட்டேன். "இன்னொரு தடவை." விட்டேன். "சூப்பர். கிழியல." நான் மூச்சு விட, உள்ளே அந்தச் சவ்வு ஏறி இறங்குவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அப்புறம் போனில் வீடியோ காட்டினார். நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் ஒரு தோல், ஈரமாக, என் மூச்சுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என் முகத்துக்குள் அப்படி ஒன்று இத்தனை வருஷமாக அசைந்துகொண்டிருக்கிறது என்பதை இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

நர்ஸ் தட்டிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். பெட்டியைப் பிரித்து, லேபிளை உரித்து என் கோப்பில் ஒட்டினார். அந்த ஒட்டுகிற சத்தத்தில்தான் எனக்குள் இருந்த தணிக்கைக்காரி முழித்திருக்க வேண்டும். ஏதாவது வேண்டுமென்றால் இடது கையைத் தூக்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தூக்கினேன். வலிக்கிறதா என்று பதறி, வாயை விரித்துப் பிடித்திருந்ததை எடுத்தார் டாக்டர். மரத்துப்போன உதட்டால் கேட்டேன். "அது என்ன எலும்பு டாக்டர்?"

"பொவைன் மேடம்."

"அப்டின்னா?"

ஒரு நொடி. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு முட்டை ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். "மாட்டு எலும்பு. ஆனா எலும்புன்னு சொல்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல மேடம். கொழுப்பு, புரோட்டீன், செல்லு எல்லாத்தையும் எடுத்து, நல்ல சூட்டுல வச்சு, வெறும் சுண்ணாம்புச் சத்து கூடு மட்டுந்தான் மிச்சம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்கு ஆட்சேபணை இருந்தா சிந்தெட்டிக் இருக்கு. ஆனா இப்போ இங்க ஸ்டாக் இல்ல, மதுரையிலருந்து வரணும். இன்னைக்குத் தச்சு மூடிட்டு, இன்னொரு நாள் தெறக்கலாம். என்ன பண்ணட்டும்?"

தாடை எலும்பில் ஜன்னல் திறந்திருக்கிறது. ரத்தம் உறிஞ்சுகிற குழாய் சளசளத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு நாள் என்றால் இன்னொரு ஊசி, இன்னொரு கீறல். "வைங்க" என்றேன். அவர் கண்ணில் ஒரு நிம்மதி. எனக்கும்தான்.

தென்னை மூட்டில்

ஆக, மூன்றாம் நாள் காலையில் அம்மா, "யாரு எலும்பு?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. பொய் சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. அம்மாவுக்கு 79 வயது. வெங்காயம்கூடச் சில கிழமைகளில் சேர்க்கமாட்டாள். "மாட்டு எலும்பும்மா" என்றேன். விரல் நுனியில் இன்னும் அந்த மணி இருந்தது.

அம்மா அதை உற்றுப் பார்த்தாள். "இதுக்கா முழிக்கே? எங்க அப்பா தென்னைக்கு மூடை மூடையா எலும்புத் தூளு வாங்கிப் போடுவாவ. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் போவோம். அந்தத் தேங்காயைத்தான் சாமிக்கு ஒடச்சோம்." எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது. இவ்வளவுதானா, இதற்கா மூன்று நாளாகத் தூக்கம் கெட்டது என்று இருந்தது. அப்போதுதான் அம்மா கேட்டாள்: "நீ கேட்டுட்டுத்தான வச்சே?"

"கேட்டேம்மா."

"எப்பம் கேட்ட?"

எப்போது கேட்டேன் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "வாயை மரக்க வச்சு, எலும்பைத் தொறந்துபோட்ட பெறவு கேட்டா அது கேள்வியாட்டி? தாலி ஏறின பெறவு மாப்பிள்ளைக்கு என்ன சோலின்னு கேட்ட மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள். அந்த மணியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். கழுவுதொட்டியில் விட மனசு வரவில்லை. பின்வாசல் தென்னை மூட்டில் தட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு 19 வயதில் கல்யாணம். அப்பாவுக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று அவளிடம் எதுவும் சொல்லாமல் நடந்த கல்யாணம். அந்த உவமையை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, பிராணாயாமம் கூடாது, ஆற்றில் முங்கிக் குளிக்கக் கூடாது, பிளேன் ஏறக் கூடாது, தலையணை இரண்டு வைத்துத் தூங்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் போட்டதெல்லாம் நகர்ந்துவிடுமாம். வாயைத் திறந்து தும்முவது எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு தடவை முயன்று பார்த்தால்தான் தெரியும். வாழ்நாள் முழுக்க மூடிப் பழகிய வாய் அது. இத்தனை செய்யாதே பட்டியலும் தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு கொடுத்திருந்தார்கள். செய்த பிறகு நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தமிழ். செய்வதற்கு நான் சம்மதித்ததற்கு ஆங்கிலம்.

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கை சுத்தம், 3.1 மில்லிமீட்டரில் ஜன்னல் வெட்டிச் சவ்வைக் கிழிக்காமல் எடுத்துவிட்டார். தையல் பிரிக்கப் போனபோது கேட்டேன்: "மொதல்லயே சொல்லியிருக்கலாமே டாக்டர்?" அவர் மழுப்பவில்லை. "சொல்லியிருக்கணும் மேடம். படிவத்துல மூணாவது பக்கம் இருக்கு, அதுல விட்டுட்டேன். நெறைய பேர் கேக்கறதே இல்ல. நாமளா சொன்னா பயந்து போய்டறாங்க." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் வசதியும் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில்கூடப் பச்சைப் புள்ளி இருக்கிறது. நாம் விழுங்குகிற கேப்ஸ்யூலின் கூடு பெரும்பாலும் மாடு, பன்றி இவற்றின் ஜெலட்டினில் செய்தது. ரத்தம் உறையாமல் போடுகிற ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் நம் சைவம், ஹலால் எல்லாம் செருப்போடு வெளியே நின்றுவிடுகின்றன. உயிர் போகிற நேரத்தில் அப்படி நிற்பது சரி. கடைவாய்ப் பல் உயிர் போகிற விஷயமில்லை. எட்டு மாதம் காத்திருந்து செய்கிற வேலை. ஒரு வாக்கியம் சொல்ல எத்தனை நொடி ஆகும்?

ஆனால் என்னைக் குடைவது அதுவும் இல்லை. முன்னாலேயே சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா என்று பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை. வைத்துக்கொண்டுதான் இருப்பேன். பதில் மாறாது என்றால் கேள்வி எப்போது வந்தால் என்ன என்று என் தம்பி கேட்டான். அவனுக்குச் சொல்ல எனக்கு வாதம் கிடைக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தாலும் வவுச்சரில் தேதி பின்னால் போட்டிருந்தால் நான் ஏன் சுழிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவைக்க முடியாது. முட்டை பற்றிப் பேசிச் சிரித்த அந்த நிமிஷத்துக்கு எத்தனை தடவை திரும்பிப் போயிருக்கிறேன்!

இடது பக்கம்

வலது பக்கம் நன்றாகவே பிடித்துக்கொண்டது. எட்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 3.1 இருந்த இடத்தில் 12 மில்லிமீட்டர். துளை போடும்போது, "நல்லா கடிக்குது மேடம், ஒங்க எலும்பு மாதிரியே இருக்கு" என்றார். இருக்கிற எலும்புச் செல்கள் அந்தக் கூட்டுக்குள் ஏறிக் குடியேறுகின்றன. துகள்கள் பல வருஷம் கரையாமல் கம்பி கட்டின மாதிரி உள்ளேயே நிற்கின்றன. எது மாடு, எது நான் என்று இப்போது பிரிக்க முடியாது. மேலே பல் வைத்தாயிற்று. 15 வருஷம் கழித்து வலது பக்கம் முறுக்கு கடித்தேன். முதல் கடியில் சத்தம் காதுக்குள் அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

போன மாதம் இடது பக்க ஸ்கேன். 3.8. இந்தத் தடவை பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் சிரித்துவிட்டு, தானே ஒவ்வொன்றாகச் சொன்னார். என் தாடையின் பின்பக்கத்திலிருந்தே எடுக்கலாம், ஆனால் இரண்டு காயம், அளவும் போதாது. இறந்தவர்கள் தானம் தந்த மனித எலும்பும் உண்டு. சிந்தெட்டிக் உண்டு, சில வகை கொஞ்சம் சீக்கிரம் கரையும். மாட்டு எலும்பு மெதுவாகக் கரையும், வைத்த உயரம் நிற்கும். இம்ப்ளாண்ட் நிலைப்பதைப் பொறுத்தவரை இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்வீடனில் எதுவுமே வைக்காமல், இம்ப்ளாண்டையே கூடாரக் கம்பு மாதிரி நிறுத்திச் சவ்வைத் தூக்கிப் பிடித்து, உறைந்த ரத்தத்திலிருந்தே எலும்பு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள், 2004இல். அதற்கு இம்ப்ளாண்ட் முதலிலேயே ஆடாமல் நிற்க வேண்டும், 3.8இல் அவருக்குத் துணிச்சல் இல்லை. "சரி, மேலே மூடறதுக்கு ஒரு ஷீட் வச்சீங்களே?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கொலாஜன் மேடம். அது பன்றி."

அதை நான் போன தடவை கேட்கவே இல்லை. ஜன்னலை மூடிய அந்தத் தாள் என் கன்னத்தில் எப்போதோ கரைந்து போயிருக்கும்.

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் சிந்தெட்டிக் என்று நிச்சயம் பண்ணினேன். இரண்டாம் நாள் சீக்கிரம் கரையும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் வலது பக்கம் மென்றுகொண்டே யோசித்தேன். ஊசி இல்லாமல், கையில் பேனாவோடு, நேரம் நிறைய இருக்கும்போது கேட்கப்படுகிற கேள்விக்குப் பதில் சொல்வது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. நாற்காலியில் படுத்துக்கொண்டு "வைங்க" என்று சொன்னதுதான் சுலபம். கடைசியில் மாட்டு எலும்பு, மேலே பன்றிக்குப் பதில் என் ரத்தத்தையே சுழற்றி அழுத்தி எடுத்த படலம் என்று முடிவு பண்ணினேன். அம்மாவிடம் சொன்னேன். "கேட்டுட்டுத்தான?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்று படிவம் நிரப்பப் போனேன். அதே நாலு பக்கம், அதே பொடி எழுத்து. மூன்றாவது பக்கத்தில் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, ஓரத்தில் தமிழில், "மாட்டு எலும்பு. கேட்டுத் தெரிந்துகொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பழக்க தோஷம், பையிலிருந்து எடுத்தது அலுவலகப் பச்சை மைப் பேனா. வரவேற்புப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "மேடம், பச்சை மை ஸ்கேன்ல சரியா விழாது." அவள் பேனாவையே கடன் வாங்கி, அதன் மேலேயே கறுப்பில் இன்னொரு முறை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.